உப்புத் தின்னாத இரும்பு

கெப் வண்டிக்கு அடியில் உரச் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருந்த வீரசிங்கத்துக்கு, வெளியே நின்ற ஜவ்பரின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஜவ்பர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்றார். நல்லதோ கெட்டதோ, வீரசிங்கம் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த கதை என்ற மாதிரிக் காத்து நின்றார்.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ஓடிய, பின்னால் பாரம் ஏற்றும் தட்டுள்ள கெப் அது. டீசல் இஞ்சின், நாலு சில்லும் இழுக்கும், பின்னால் கனத்த கொக்கி. சுற்றுலாக்காரரை ஏற்றும் படகுகளைக் கடலிலிருந்து கரைக்கு இழுப்பதுதான் அதற்குப் பத்து வருடமாக வேலை. ஹோட்டலை மூடியபோது அங்கே மேனேஜராக இருந்த குணரத்தினம் அதைத் தன் பெயரில் வாங்கி வீட்டு வளவுக்குள் விட்டிருந்தார். கொழும்பில் மகனோடு போய் இருக்கப் போவதால் விற்கிறாராம். வெளிநாட்டிலிருந்து வாகனம் இறக்குவது நின்றிருந்த காலம். பழைய வாகனங்களுக்குக் கண்டபடி விலை. குணரத்தினம் மட்டும் நியாயமாகச் சொன்னார்.

ஜவ்பருக்குக் கிண்ணியாவுக்குத் தெற்கே எருமைப் பட்டி இருந்தது. வெயில் காலத்தில் பட்டிக்குப் பக்கத்துக் குளம் வற்றிவிடும். தண்ணீர் டாங்கியை இரண்டு சில்லு உழவு மெசினான லேன்ட் மாஸ்டரில் கட்டி வரம்பால் இழுத்துக்கொண்டு போவார். அதற்குத்தான் அவருக்கு இழுக்கிற வாகனம் ஒன்று வேண்டியிருந்தது. தம்பலகாமத்தில் அவருடைய வயலும் வீரசிங்கத்தின் வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவை. வீரசிங்கம் கட்டாரில் எட்டு வருடம் வாகன கராச்சில் வேலை செய்தவர். அதனால்தான் ஜவ்பர் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து, "அண்ணன், நீங்க ஒருக்கா பாத்துச் சொன்னா எனக்குப் போதும்" என்று கூட்டிக்கொண்டு வந்தார்.

கடற்கரையில் ஓடிய வாகனம் என்றால் முதலில் அடிச்சட்டத்தை, சேஸியைத்தான், பார்க்க வேண்டும். உப்புக்காற்று இரும்பை உள்ளுக்குள்ளால் தின்றுவிடும். வீரசிங்கம் டோர்ச் அடித்துப் பார்த்தார். சுத்தியலால் ஒவ்வொரு முழமாகத் தட்டிக்கொண்டு போனார். எல்லா இடத்திலும் கணீர் என்ற ஒரே சத்தம். யாரோ ஒரு கவனமான ஆள் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரால் கழுவி, பழைய எண்ணெய் பூசி வைத்திருந்தான். கொக்கி பூட்டிய இடத்தில்கூட ஒரு செதில் துரு இல்லை.

வீரசிங்கமும் இரண்டு வருடமாக இப்படி ஒன்றைத் தேடியவர்தான். அலைந்து அலுத்து, இனி வேண்டாம் என்று விட்டுவிட்டதாக ஜவ்பரிடமே சொல்லியிருந்தார். விட்டுவிட்டதாகத்தான் அவரும் நினைத்திருந்தார். ஆனால் அரைமணித்தியாலத்துக்கு முன்னால் குணரத்தினம் திறப்பைத் திருகியதும் இஞ்சின் அரைச் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருந்தது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டைகளை ஆலைக்கு ஏற்ற, மற்றவர்களின் டிராக்டருக்காக வரம்பில் காவல் நின்ற நாட்களெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்தன.

"எப்பிடி அண்ணன்?" என்று கேட்டார் ஜவ்பர்.

வீரசிங்கம் வெளியே வந்து கையைத் துடைத்தார். குணரத்தினம் தள்ளி, கிணற்றடியில் நின்று யாருடனோ போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"வெளியால பாக்க வடிவாத்தான் இருக்கு," என்றார் வீரசிங்கம் மெல்லிய குரலில். "ஆனா சேஸியில உப்பு ஏறிட்டுது. கொக்கிக்குக் கிட்ட ஒரு வெடிப்பும் இருக்கு. எண்ணெயைப் பூசி மறைச்சிருக்கினம். பாரம் கட்டி இழுத்தா ஒருநாள் ரெண்டாப் போகும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே விளங்கியது. ஜவ்பர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"நல்ல காலம் உங்களக் கூட்டி வந்த," என்றார். குணரத்தினத்திடம் போய், வீட்டில் கதைத்துவிட்டுச் சொல்வதாக மரியாதையாக விடைபெற்றார். வாகனத்தில் குறை இருப்பதாக ஒரு வார்த்தை சொல்லி அந்த மனிதரை நோகடிக்கவில்லை.

திரும்பி வரும்போது சீனன்குடாவில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இரண்டு பேருக்கும் சர்பத் வாங்கினார் ஜவ்பர். காசு கொடுக்கப் போன வீரசிங்கத்தின் கையைத் தள்ளிவிட்டார். இப்போதே சொல்லிவிடலாம், நான் பார்த்தது பிழை, திரும்பப் போய் ஒருக்காப் பார்ப்போம் என்று சொன்னால் போதும் என வீரசிங்கம் நினைத்தார். சர்பத் முடிந்தது. மோட்டார் சைக்கிள் கிளம்பியது.

அடுத்த கிழமை அவர் தனியாக நிலாவெளி பஸ்ஸில் ஏறினார்.

"மற்றவர் ஏன் விட்டவர்?" என்று கேட்டார் குணரத்தினம்.

"வீட்டில விருப்பமில்லையாம்."

"அப்ப அவர் சொல்லித்தான் நீங்கள் வந்தனீங்களோ?"

"ஓம்," என்றார் வீரசிங்கம். ஒரு பொய்யைச் சொன்ன வாய்க்கு அடுத்தவை அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

கெப் வளவுக்குள் வந்து நின்றதும் அவருடைய மனைவி ஜெயரூபி பூசணிக்காயும் எலுமிச்சங்காயுமாக ஓடி வந்தாள். மகள் லக்சாயினி பின்னால் ஏறி நின்று போனில் படம் எடுத்தாள். உயர்தரம் படிக்கிற பிள்ளை. டியூசனுக்கு இனிப் பஸ்ஸுக்குக் காவல் நிற்கத் தேவையில்லை என்று அவளுக்குச் சந்தோசம். சில்லுக்கு அடியில் எலுமிச்சங்காய் வைக்கும்போது ஜெயரூபி கேட்டாள்.

"இது ஜவ்பர் நானா பாக்கப் போன கெப் இல்லையோ?"

"அவர் வேண்டாமெண்டு விட்டிட்டார்."

மூன்றாம் நாள் ஜவ்பர் வந்தார். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வரும் வழியெல்லாம் ஜவ்பர் கோபத்தைச் சேர்த்துக்கொண்டு வந்திருப்பார், இரண்டு வார்த்தை ஏசுவார், தானும் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வீரசிங்கம் கதிரையை விட்டு எழுந்தார்.

ஜவ்பரின் முகத்தில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"அண்ணன், என்ன வேல செஞ்சீங்க? நீங்கதானே சொன்ன, ரெண்டாப் போகுமெண்டு? அந்தாள் உங்களக் கதச்சு ஏமாத்திட்டானா?"

இதை வீரசிங்கம் எதிர்பார்க்கவில்லை. "இல்லை… விலையைக் குறைச்சுத் தந்தவர். தகடு வெச்சு வெல்டிங் பண்ணலாம். எனக்கு அந்த வேலை தெரியும்தானே."

"அப்பிடியா?" ஜவ்பர் கெப்பைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பிறகு ஜெயரூபியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, வெல்டிங் பண்ணுற வரைக்கும் புள்ளய இதில ஏத்த வாணாம். பண்ணினாலும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாத்துட்டு ஏத்துங்க."

ஜெயரூபி கணவனைப் பார்த்தாள். அவர் கெப்பின் சில்லைப் பார்த்தார்.

அந்தக் கதையைக் காப்பாற்றுவதற்காக வீரசிங்கம் கெப்பைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், கராச் வைத்திருந்த திலக்சனிடம் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு தகடு வைக்கச் சொன்னார். திலக்சன் அடியில் புகுந்து பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"அண்ணை, இதில வெல்டிங் பண்ண ஒண்டும் இல்லையே."

"பரவாயில்லை, ஒண்டை வையுங்கோ. ஒரு பாதுகாப்புக்கு."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைத் தொடங்கினான். நல்ல இரும்பின் மேல் நெருப்புப் பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வீரசிங்கத்தால் ஏலவில்லை. ரோட்டுக்கு வந்து நின்றார்.

தகடு வைத்த பிறகும் கதை முடியவில்லை. சிறுபோக நெல் அறுவடை வந்தது. வீரசிங்கம் ட்ரெய்லரைக் கொழுவி மூட்டை ஏற்றினால், அடுத்த வயலிலிருந்து ஜவ்பர் வரம்பால் ஓடி வருவார். "பாதி போதும் அண்ணன். ரெண்டு தரமா அடிப்பம்." தன்னுடைய ஆட்களைக் கொண்டே மேலே கிடந்த மூட்டைகளை இறக்குவிப்பார். இறக்கிய மூட்டைகளுக்குப் பக்கத்தில், கெப் திரும்பி வரும் வரைக்கும் வெயிலில் காவல் இருப்பார். ஒரு பாரத்தில் கொண்டுபோகக் கூடிய நெல்லுக்கு வீரசிங்கம் இரண்டு தரம் ஓடினார். ஓடும்போதெல்லாம் இஞ்சின் இன்னும் பாரம் ஏற்று என்பதுபோல உறுமியது.

வீட்டில் லக்சாயினி பஸ்ஸிலேயே டியூசனுக்குப் போனாள். "அப்பா, வெல்டிங் பண்ணியாச்சுத்தானே" என்று அவள் கேட்டால் ஜெயரூபி விடமாட்டாள். கோயிலுக்குப் போவதென்றாலும் அவள் ஆட்டோவைத்தான் கூப்பிட்டாள். வீரசிங்கம் ஆசைப்பட்டு வாங்கிய கெப்பில் அவர் மட்டுமே தனியாக ஏறி இறங்கினார்.

ஆவணியில் வறண்ட கச்சான் காற்று பிடித்தது. ஜவ்பரின் பட்டிக் குளம் வழமையைவிட முன்னதாகவே வற்றியது. லேன்ட் மாஸ்டரில் டாங்கியைக் கட்டி அவர் தினமும் தண்ணீர் இழுத்தார். ஒரு பின்னேரம் பட்டிக்குப் போகும் வரம்பில், டாங்கிக்குள் தண்ணீர் ஒருபக்கம் அடித்து, மெசினும் டாங்கியும் சேர்ந்து சரிந்தன. ஜவ்பரின் கால் அடியில் மாட்டிக்கொண்டது. பட்டிக்காரர்கள் ஓடி வந்து தூக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன.

செய்தி கேட்டு வீரசிங்கம் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலைச் சுற்றி ஆட்கள். ஜவ்பரின் மனைவி சுஹைரா தலைமாட்டில் நின்றாள். ஜவ்பரின் உதடு வெடித்திருந்தது. வீரசிங்கத்தைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார்.

"அண்ணன், லேன்ட் மாஸ்டரா இருந்ததால காலோட போச்சு. நீங்க அண்டைக்கிச் சொல்லாட்டி நான் அந்தக் கெப்ப வாங்கி, அது வரம்பில ரெண்டாப் போயிருந்தா, மையத்தா வந்திருப்பன்."

சுஹைரா தலையாட்டினாள். "இவர் எப்பவும் சொல்லுறது, வீரசிங்கம் அண்ணன் காப்பாத்தினவர் எண்டு."

அந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும் என்றுதான் அவர் வந்திருந்தார். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கெப்பாக இருந்திருந்தால் நாலு சில்லும் வரம்பைப் பிடித்திருக்கும். டாங்கி சரிந்திருக்காது. இது அந்த அறையில் அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும்.

"பட்டிக்குத் தண்ணி நான் இழுக்கிறன். அதைப் பற்றி யோசிக்காதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் நிறைந்த நடைபாதையில், சுவரோடு சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றார். யாரோ ஒரு பெண் அவரை நோயாளி என்று நினைத்துக் கதிரை இழுத்துப் போட்டாள்.

சொன்னபடியே காலையில் தண்ணீர் இழுக்கத் தொடங்கினார். சுஹைராவின் தம்பி ஹஸ்மி உதவிக்கு வந்தான். முப்பது வயது, கிண்ணியாவில் போன் கடை வைத்திருப்பவன், மச்சானுக்காகக் கடையைப் பிந்தித் திறந்தான். தண்ணீர் நிரப்பும் பம்படியில், டாங்கி அரைவாசிக்கு வந்ததும் அவன் பம்பை நிறுத்திவிடுவான்.

"புல்லா நிரப்ப வாணாமெண்டு மச்சான் சொன்ன. வாகனம் தாங்காதாம்."

அரை டாங்கித் தண்ணீர் பட்டியில் இருந்த தொட்டிக்குள் விழுந்ததும் எருமைகள் முட்டி மோதிக்கொண்டு வரும். பெரியவை குடித்து முடிப்பதற்குள் தொட்டி காய்ந்துவிடும். இரண்டாவது தடவை கொண்டுவருவதற்குள் கன்றுகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு சேற்றை மோந்துகொண்டு நிற்கும். சுஹைரா ஒவ்வொரு நாளும் ஹஸ்மியிடம் ஒரு சட்டி தயிர் கொடுத்துவிட்டாள். ஜெயரூபி ஆசையாகச் சோற்றில் போட்டாள். வீரசிங்கம் வயிறு சரியில்லை என்று தள்ளிவைத்தார்.

ஒரு காலை அவர்கள் முதல் பாரத்தோடு போனபோது, தொட்டியடியில் ஒரு கன்று செத்துக் கிடந்தது. பிறந்து சில கிழமைதான் இருக்கும். தாகத்தில் கூட்டத்துக்குள் புகுந்து, பெரியவற்றின் காலுக்குள் அகப்பட்டு மிதிபட்டிருந்தது. தாய் பக்கத்தில் நின்று நக்கிக்கொண்டிருந்தது. ஹஸ்மி காலைப் பிடித்து அதை ஓரமாக இழுத்தான்.

இரண்டாவது தடவை பம்படிக்கு வந்தபோது, டாங்கி அரைவாசி ஆனதும் ஹஸ்மி வழமைபோலக் கையை நீட்டினான். வீரசிங்கம் அவனுடைய கையைப் பிடித்தார்.

"விடுங்கோ. நிரம்பட்டும்."

"இல்ல அண்ணன், சேஸி…"

"சேஸிக்கு ஒண்டுமில்லை, ஹஸ்மி. நிலாவெளியில பாக்கேக்கையும் ஒண்டும் இல்லை. நான்தான் பொய் சொன்னனான்."

பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதில் விழவில்லையோ என்று வீரசிங்கம் நினைத்தார். ஹஸ்மி மெதுவாகத் தன் கையை விடுவித்துக்கொண்டான்.

"ஏன்?"

"எனக்கு வேணும் எண்டிருந்தது."

டாங்கி நிரம்பி வழிந்தது. ஹஸ்மி பம்பை நிறுத்தவில்லை. வீரசிங்கம்தான் போய் நிறுத்தினார். "மச்சானுக்கு நான் சொல்லுறன். இண்டைக்கே. நீங்கள் சொல்லவேண்டாம்" என்றார். ஹஸ்மி முன் சீற்றில் ஏறாமல், பின்னால் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நிறைந்த டாங்கியைக் கெப் வரம்பில் அசையாமல் இழுத்துப் போனது.

பட்டியிலிருந்து வீரசிங்கம் அப்படியே கிண்ணியாவுக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த ஜவ்பர் விறாந்தையில் இருந்தார். பிளாஸ்டர் போட்ட காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார். சுஹைரா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போகத் திரும்பியபோது வீரசிங்கம், "நீங்களும் நில்லுங்கோ" என்றார்.

இருக்காமல் நின்றபடியே சொன்னார். அடியில் படுத்துத் தட்டிப் பார்த்ததிலிருந்து, தனியாக பஸ் ஏறியது, நல்ல சேஸிக்குத் தகடு வைத்தது, காலையில் கன்று செத்தது வரைக்கும் சொன்னார். எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மீதி வராது என்று பயந்தார். கடைசியில் கெப் திறப்பை எடுத்துத் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் குடுத்த விலைக்கே எடுங்கோ. காசு பிறகு தந்தாலும் சரி. தராட்டிலும் சரி."

ஜவ்பர் தன்னுடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை தூக்காமலே கேட்டார்.

"நெல்லு மூட்ட எறக்கக்குள்ள பாத்துக்கிட்டுத்தானே நிண்டீங்க? என்ட ஆக்கள் வெயிலுக்குள்ள எறக்கிப் போட்டான்கள்."

"ஓம்."

"நானும் ஓடி ஓடி வந்த."

"ஓம்."

சுஹைரா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்க்க வீரசிங்கத்துக்குத் தைரியம் வரவில்லை.

"திறப்ப எடுங்க," என்றார் ஜவ்பர்.

"ஜவ்பர்…"

"இத நான் வாங்கினா உங்கட மனசு ஆறும். எனக்குக் கால் ஆறணும். எடுங்க." குரல் உயரவில்லை. "மாட்டுக்குத் தண்ணி வேணும். மழ வாற வரைக்கும் கெப்ப வாடகைக்கி எடுக்கிறன். ஹஸ்மி ஓட்டுவான். நீங்க வரத் தேவல்ல."

"வாடகையோ? எனக்கு வாடகை வேண்டாம்."

"வாடகை இல்லாட்டி கெப்பும் வாணாம்."

வீரசிங்கம் திறப்பை எடுத்தார். தேத்தண்ணியைக் குடிப்பதா விடுவதா என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். குடிக்காமல் போனால் அது இன்னொரு அவமரியாதை; குடிக்க முகம் இல்லை. சுஹைரா வந்து கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வீட்டுக்கு வந்து ஜெயரூபியிடமும் சொன்னார். அவள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்ததும் கத்தியைக் கழுவி வைத்தாள்.

"எனக்கும்தானே சொன்னனீங்கள் அந்தப் பொய்யை. கெப் வளவுக்க நிக்க பிள்ளையைப் பஸ்ஸில விட்டனான். அந்தத் தயிரை நான் திண்டனான்."

அவள் அடுத்த நாள் தனியாகப் பஸ் ஏறிக் கிண்ணியாவுக்குப் போய்ச் சுஹைராவைப் பார்த்துவிட்டு வந்தாள்.

கெப் ஹஸ்மியிடம் ஓடியது. நிறைந்த டாங்கியோடு ஒரே தடவை. பெரியதும் சின்னதும் குடித்து முடித்த பிறகும் தொட்டியில் தண்ணீர் கிடப்பதாகப் பட்டிக்காரர்கள் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஹஸ்மி வாசலில் நின்றபடியே வாடகையை நீட்டுவான். வீரசிங்கம் வாங்கிக்கொள்வார். வாங்காமல் விட்டால் கெப் திரும்பி வந்துவிடும், மாடுகளுக்குத் தண்ணீர் போகாது. அந்தக் காசை அவரால் செலவழிக்க முடியவில்லை. ஜெயரூபி அதை எடுத்து லக்சாயினியின் டியூசனுக்குக் கட்டினாள். "வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருந்தா மட்டும் சரியாப் போயிடுமோ?" என்றாள்.

ஐப்பசியில் மழை வந்தது. கெப்பைக் கழுவி, டீசல் நிரப்பிக் கொண்டுவந்து விட்டான் ஹஸ்மி. பெரும்போக விதைப்புக்கு ஜவ்பர் தடியூன்றி வயலுக்கு வந்தார். வாய்க்காலில் தண்ணீர்ப் பங்கு பிரிக்கும்போது வீரசிங்கத்தின் முறையில் ஒரு சொட்டும் அவர் குறைக்கவில்லை. கண்டால் தலையாட்டுவார். முன்னைப்போல வரம்பில் குந்தியிருந்து கதைப்பதில்லை. 'அண்ணன்' என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது.

மார்கழித் தொடக்கத்தில் ஜவ்பர் ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். மூதூரில் வாங்கியதாகவும், பார்த்துச் சொல்ல அங்கேயிருந்தே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனதாகவும் ஜெயரூபி சொன்னாள். ஒரு காலை அது வாய்க்கால் ரோட்டில் ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு வந்தது. ஹஸ்மி ஓட்ட, ஜவ்பர் சில்லுக்கு மேலிருந்த இருக்கையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். புகைக்குழாயால் கரும்புகை வந்தது. ஏற்றத்தில் இஞ்சின் ஒருதரம் இடறிவிட்டுப் பிடித்தது.

வீரசிங்கம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார். டிராக்டர் பக்கத்தில் வந்ததும், பேசாமல் இருக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

"ஜவ்பர், டீசல் அடிக்கிற இஞ்செக்டர் ஒண்டு சரியா அடிக்கேல்லை. இப்பவே கழட்டிச் சுத்தம் பண்ணினா பெரிய செலவு வராது."

ஹஸ்மி வேகத்தைக் குறைத்தான். ஜவ்பர் புகைக்குழாயைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வீரசிங்கத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெறுப்பு இல்லை. யோசனை இருந்தது, கேட்டதை நம்பலாமா என்ற யோசனை.

"மூதூர் ஆளுக்கு ஒருக்காக் காட்டிப் பாக்கிறன்," என்றார்.

டிராக்டர் வளைவில் திரும்பி மறைந்தது. வீரசிங்கத்தின் முறைத் தண்ணீர் வாய்க்காலில் வரத் தொடங்கியிருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரம்பை வெட்டிவிடப் போனார்.